சட்டையும் சந்நிதியும்

தென்னிந்தியக் கோயில்கள் எல்லாவற்றுக்கும் பொருந்துகிற உடை விதி என்று ஒன்று கிடையாது. குருவாயூரில் ஆண்கள் வேட்டியோடு, மேலே சட்டையோ பனியனோ இல்லாமல்தான் உள்ளே போக வேண்டும். திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலிலும் அதே கட்டுப்பாடு. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த சுசீந்திரத்திலும் கன்னியாகுமரியிலும் அந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது. திருச்செந்தூரில் மூலவரைப் பார்க்கப் போகும்போது சட்டையைக் கழற்ற வேண்டும். சிதம்பரத்தில் கனகசபை ஏறுகிறவர்கள் கழற்றினால் போதும். மதுரையிலும் ஸ்ரீரங்கத்திலும் சட்டையை யாரும் கேட்பதில்லை. அரைக்கால் சட்டை, கையில்லாத மேலாடை, கைலி ஆகியவற்றைத்தான் வாசலில் தடுக்கிறார்கள். திருமலையில் கட்டண சேவைக்கும் சிறப்பு நுழைவுத் தரிசனத்துக்கும் சீட்டு வாங்கியவர்கள் ஆண்களானால் வேட்டியோ பைஜாமா குர்தாவோ, பெண்களானால் புடவையோ தாவணியோ துப்பட்டாவுடன் சுடிதாரோ அணிந்து வர வேண்டும்.

இந்தப் பட்டியலில் ஒரு சிக்கல் உண்டு. திருவனந்தபுரத்தில் அனந்தன்மேல் பள்ளிகொண்டிருப்பவரும் ஸ்ரீரங்கத்தில் பாம்பணையில் கிடப்பவரும் ஒரே திருமால்தான். ஓரிடத்தில் சட்டையோடு வருவது அபசாரம், இன்னோரிடத்தில் அது பேச்சே இல்லை என்றால், விதி தெய்வத்தின் விருப்பத்திலிருந்து பிறந்ததா, ஊரின் வழக்கத்திலிருந்து பிறந்ததா என்ற கேள்வி எழுகிறது. அந்தந்தக் கோயிலின் பிரதிஷ்டையும் ஆகமமும் தாந்திரிக முறையும் வேறு, அதனால் ஆசாரமும் வேறு என்று அர்ச்சகர்கள் விடை சொல்வார்கள். பூசை முறைக்கு அந்த விடை பொருந்தும். பூசை செய்யாமல் வெறுமனே கும்பிட வருகிறவரின் உடைக்கு அது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதற்கு விடை தேட, சாத்திரத்தோடு சரித்திரத்தையும் புரட்ட வேண்டியிருக்கிறது.

சந்நிதியில் மார்பைத் திறந்து நிற்பது பழைய வழக்கம் என்பதில் சந்தேகமில்லை. திருமலையில் கோபுரத்தைத் தாண்டி உள்ளே நுழைந்ததும் கிருஷ்ணதேவராயரும் அவருடைய தேவியர் இருவரும் உலோகச் சிலைகளாகக் கைகூப்பி நிற்கிறார்கள். அரசர் இடுப்புக்கு மேலே ஆடை அணியவில்லை. தலையில் மட்டும் உயரமான குல்லாய். விஜயநகர மன்னர்கள் கொலுவில் இருக்கும்போது உடல் முழுவதையும் மூடும் நீண்ட அங்கியை அணிந்தார்கள். சுல்தான்களின் அரசவைகளில் வழங்கிய மோஸ்தர் அது. அதே மன்னர்கள் கோயிலுக்குள் வரும்போது அங்கியைக் களைந்துவிட்டார்கள். மதுரைப் புதுமண்டபத் தூண்களில் நிற்கும் திருமலை நாயக்கரின் உருவமும் மேலாடையின்றித்தான் இருக்கிறது. நாட்டுக்கே எசமானன் தன்னைவிடப் பெரிய எசமானன் முன்னால் நிற்கும் கோலம் இது. தைத்த துணியைவிட நெய்தபடியே உடுத்தும் துணி தூயது என்ற ஆசாரக் கருத்தும் இதோடு சேர்ந்துகொண்டது. வேட்டியும் உத்தரீயமும் ஊசி படாதவை; சட்டை அப்படியல்ல.

ஆனால் மார்பைத் திறந்து பணிவைக் காட்டும் வழக்கம் கோயிலோடு நிற்கவில்லை. பண்ணையார் வீட்டு வாசலிலும் அதே பணிவு கேட்கப்பட்டது. மிராசுதார் தெருவில் வந்தால் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்ட வேண்டும், அல்லது அக்குளில் இடுக்கிக்கொள்ள வேண்டும். நாதஸ்வர வித்துவான்கள் எவ்வளவு பெரிய மேதைகளானாலும் செல்வர் வீட்டுக் கல்யாணங்களில் வெற்று மார்போடு நின்றுதான் வாசித்தார்கள். சுயமரியாதை இயக்கம் தோளில் துண்டு போட்டுக்கொள்வதை ஒரு உரிமைப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டதற்கு இதுதான் காரணம்.

இந்த வழக்கம் மிகக் கொடூரமாக வெளிப்பட்டது தென் திருவிதாங்கூரில். அங்கே நாடார் முதலிய சாதிப் பெண்கள் மேல்சாதியார் முன் மார்பை மூடக்கூடாது என்பது மரியாதை எனப்பட்டது. கிறிஸ்தவத்துக்கு மாறிய பெண்கள் மேலாடை அணியத் தொடங்கியதும் கலகம் மூண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிளம்பிய அந்தத் தோள்சீலைப் போராட்டம், சென்னை கவர்னர் டிரெவெலியனின் நெருக்குதலுக்குப் பிறகு திருவிதாங்கூர் அரசு 1859இல் பிறப்பித்த ஆணையோடு ஓரளவு ஓய்ந்தது. ஓரளவு என்று சொல்ல வேண்டியிருப்பதற்குக் காரணம், அந்த ஆணை நாடார் பெண்கள் மார்பை மூடலாம் என்றது. ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல மூடக்கூடாது என்றும் சேர்த்துச் சொன்னது. துணி இருக்கலாம், அந்தஸ்து தெரியக்கூடாது.

இந்தப் பின்னணி தெரிந்தால்தான் கேரளத்தில் சட்டையைப் பற்றிய வாதம் ஏன் இத்தனை சூடாக நடக்கிறது என்பது விளங்கும். 2024 டிசம்பர் இறுதியில், நாராயண குருவின் சிவகிரி மடத்தலைவர் சுவாமி சச்சிதானந்தா, ஆண்கள் சட்டையைக் கழற்றும் வழக்கத்தைக் கோயில்கள் கைவிட வேண்டும் என்றார். பூணூல் இருக்கிறதா என்று பார்க்கவே அந்த வழக்கம் ஏற்பட்டது என்பது அவருடைய கருத்து. அதே மேடையில் முதலமைச்சர் பினராயி விஜயன் அதை ஆதரித்தார். நாயர் சர்வீஸ் சொசைட்டி கடுமையாக எதிர்த்தது. ஒவ்வொரு கோயிலுக்கும் ஓர் ஆசாரம் உண்டு, அதில் அரசு தலையிட வேண்டாம் என்றது. பூணூல் விளக்கம் முழு உண்மையாக இருக்க முடியாது. கிருஷ்ணதேவராயரின் சாதியைச் சோதிக்க யாரும் வாசலில் நிற்கவில்லை. ஆனால் முழுப் பொய் என்றும் தள்ள முடியாது. 1936 நவம்பர் 12 அன்று சித்திரைத் திருநாள் மகாராஜாவின் ஆலயப் பிரவேச விளம்பரம் வரும் வரை திருவிதாங்கூர்க் கோயில்களுக்குள் யார் நுழையலாம் என்பதைச் சாதியே முடிவு செய்தது. தொடக்கத்தில் பணிவாக இருந்த ஒன்று பிற்பாடு சல்லடையாகவும் பயன்பட்டது. ஒரே செயலுக்கு இரண்டு சரித்திரம் இருப்பதால், இரண்டு தரப்புமே தத்தம் சரித்திரத்தை மட்டும் சொல்லி வாதாட முடிகிறது.

பெண்களின் உடையில் நிலைமை தலைகீழ். ஆணிடம் குறைக்கச் சொல்லும் கோயில் பெண்ணிடம் கூட்டச் சொல்கிறது. இங்கே கேட்கப்படுவது பாரம்பரிய உடை. அந்தப் பாரம்பரியம் எவ்வளவு வேகமாக இடம் மாறுகிறது என்பதற்குச் சுடிதாரை விடச் சிறந்த சாட்சி கிடையாது. நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் அது வடநாட்டு உடை. குருவாயூர் தேவசம் 2007இல் பெண்கள் சுடிதாரில் வரலாம் என்று அனுமதித்தபோது பெரிய எதிர்ப்பு எழுந்தது. பகவானுக்கு அதில் விருப்பமில்லை என்று தேவப்பிரச்னம் என்னும் சோதிடச் சடங்கில் தெரிந்ததாகவும் சொல்லப்பட்டது. இன்று அந்த நடையில் சுடிதார் யார் கண்ணையும் உறுத்துவதில்லை. பத்மநாபசுவாமி கோயிலில் 2016 நவம்பரில் நிர்வாக அதிகாரி அனுமதி கொடுத்தார். அடுத்த மாதமே கேரள உயர் நீதிமன்றம், இத்தகைய விஷயத்தில் தலைமைப் பூசகரான தந்திரியின் முடிவே இறுதியானது என்று சொல்லி அதை நிறுத்தியது. அதனால் சுடிதாரோடு வரும் பெண்கள் வாசலில் வேட்டி வாங்கி அதன் மேலேயே சுற்றிக்கொண்டு உள்ளே போகும் காட்சி அங்கே சாதாரணம். மறைக்க வேண்டிய எதுவும் அந்த வேட்டியால் புதிதாக மறைவதில்லை. ஆனாலும் ஆசாரம் நிறைவேறிவிடுகிறது. ஆசாரத்தின் இயல்பே அப்படித்தான்.

தமிழ்நாட்டில் உடை விதியை நீதிமன்றமே ஒருமுறை எழுதிப் பார்த்தது. கிராமக் கோயில் திருவிழாவில் கலைநிகழ்ச்சி நடத்த அனுமதி கேட்டு வந்த ஒரு வழக்கில், உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதி எஸ். வைத்தியநாதன் 2015 இறுதியில் மாநிலக் கோயில்கள் அனைத்துக்கும் உடைக்கட்டுப்பாடு விதித்தார். ஆண்களுக்கு வேட்டி, பைஜாமா அல்லது முழுக்கால் சட்டையும் சட்டையும். பெண்களுக்குப் புடவை, தாவணி அல்லது மேல்துண்டோடு சுடிதார். குழந்தைகளுக்கு உடலை முழுக்க மூடும் எந்த உடையும். 2016 ஜனவரி 1 அன்று அது நடைமுறைக்கு வந்தது. ஜீன்ஸ் அணிந்து வந்தவர்கள் பல கோயில்களில் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அந்த மாதமே இரு நீதிபதிகள் அமர்வு அதற்குத் தடை விதித்தது. ஆலயப் பிரவேசச் சட்டத்தின் கீழ் ஒழுங்கைக் காக்கும் அதிகாரம் ஏற்கெனவே அந்தந்தக் கோயில் நிர்வாகத்திடம் இருக்கும்போது, மொத்த மாநிலத்துக்கும் சேர்த்து ஒரே அளவுகோலை நீட்டியது தேவையற்ற வேலைதான். அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் காந்தியும் வெளியே நிற்க வேண்டியிருக்கும். 1921 செப்டம்பரில் மதுரையில்தான் அவர் சட்டையை விட்டு முழங்காலுக்கு மேல் நிற்கும் அரைத்துணிக்கு மாறினார். தாழ்த்தப்பட்டவர்களுக்குத் திறக்கப்பட்ட பிறகு, 1946இல், அதே துணியோடு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனார்.

பணிவுக்கு அடுத்தது துப்புரவு. மடி என்று வீடுகளில் சொல்வது, துவைத்து யார் கையும் படாமல் உலர்த்திய துணி. பட்டுக்குத் தீட்டு ஒட்டாது என்ற நம்பிக்கை அதன் நீட்சி. அங்கப்பிரதட்சிணம் செய்கிறவர்கள் குளத்தில் மூழ்கி ஈரத்துணியோடு வருவதும் இதே கணக்கில் சேரும். செருப்பைப் பற்றி எந்த மரபிலும் இரண்டு கருத்தில்லை. வைணவர்கள் எண்ணும் 32 அபசாரங்களில் பாதுகையோடு நுழைவதும் ஒன்று. சித்திரை வெயிலில் பிரகாரக் கல் எப்படிக் கொதிக்கும் என்பது மதியம் பன்னிரண்டு மணிக்குத் திருவண்ணாமலையைச் சுற்றியவர்களுக்குத் தெரியும். கோயில்கள் தென்னை நார் விரிப்பும் வெள்ளைப் பூச்சும் போட்டு வைப்பது அதற்காகத்தான்.

இவற்றுக்கு நேர் எதிராக நிற்பது விரத உடை. சபரிமலைக்கு மாலை போட்டவர் மண்டலக் காலம் முழுக்கக் கறுப்போ நீலமோ உடுத்துகிறார். வீட்டில் மனைவி முதல் அலுவலகத்தில் மேலதிகாரி வரை எல்லோரும் அவரை ‘சாமி’ என்றே அழைக்க வேண்டும். மேல்மருவத்தூரில் சிவப்பு, அங்கே ஒவ்வொருவரும் ‘சக்தி’. மாதவிலக்கு நாளிலும் பெண்கள் கருவறை வரை போகலாம் என்று பங்காரு அடிகளார் வகுத்ததால், சிவப்புடை அணிந்த பெண்களின் கூட்டம் அங்கே பெருகியது. சமயபுரத்துக்கு மஞ்சள், பழநிக்குக் காவியும் பச்சையும். வேளாங்கண்ணிக்கு நடந்து போகும் கத்தோலிக்கரும் காவிதான் உடுத்துகிறார்கள். இந்த நிறங்கள் ஆளின் சாதியையும் சம்பளத்தையும் கொஞ்ச நாளைக்கு மறைத்துவிடுகின்றன. மேல்துண்டைக் கீழே இறக்கி அந்தஸ்தைக் காட்டிய அதே மண்ணில், ஒரே நிறத் துணியால் அந்தஸ்தைக் கரைக்கும் வழக்கமும் வளர்ந்தது. இரண்டில் இதுவே பக்திக்கு நெருக்கமானது என்று சொல்லத் தோன்றுகிறது.

துணிக்கு இவ்வளவு பொருள் ஏற்றுவதற்கு ஒரு வேண்டாத பின்விளைவும் உண்டு. துணியில் வினை ஒட்டிக்கொள்ளும் என்ற நம்பிக்கையால், திருநள்ளாற்றில் நளதீர்த்தத்தில் குளித்தவர்கள் உடுத்தியிருந்ததை அங்கேயே விட்டுவிடுகிறார்கள். பாபநாசத்தில் தாமிரபரணியிலும் அதே கதை. பம்பையில் துணியை வீசுவது ஆசாரமே இல்லை என்று தேவசம் போர்டு சொல்லியும், நீதிமன்றம் தடை விதித்தும், ஒவ்வொரு மண்டல காலத்திலும் ஆற்றிலிருந்து துணி அள்ளுவது ஒரு பெரிய வேலையாகவே இருக்கிறது. தோஷம் போகிறதோ இல்லையோ, ஆறு போகிறது.

இனி மூலக் கேள்வி: தெய்வம் துணியைப் பார்க்கிறதா? சைவ சித்தாந்தம் இதற்கு எதிர்பாராத இடத்திலிருந்து பதில் சொல்கிறது. மெய்கண்டார் பதின்மூன்றாம் நூற்றாண்டில் செய்த சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் நூற்பா, அடியார்களின் வேடத்தையும் ஆலயத்தையும் சிவன் எனவே தொழச் சொல்கிறது. திருநீறும் உருத்திராக்கமும் சடையும் சேர்ந்த அந்தத் தோற்றம் கோயிலுக்குச் சமம். ஆக, உடை என்பது பார்க்கப்படுகிறவருக்கான தகுதிச் சீட்டு என்பதை விட, பார்க்கிறவருக்கு விதிக்கப்பட்ட கடமையாகிவிடுகிறது. எதிரில் வருகிறவனின் கோலத்தைக் கண்டதும் கை கூப்ப வேண்டியது நான். அவன் தகுதியை அளப்பது என் வேலையில்லை.

இதை எல்லைவரை கொண்டுபோய்ப் பார்த்தவர் மெய்ப்பொருள் நாயனார். திருக்கோவலூர் மன்னரான அவரைப் போரில் வெல்ல முடியாத முத்தநாதன், நீறு பூசிச் சடை முடித்து, ஏட்டுக்கட்டுக்குள் கத்தியை மறைத்து வந்து குத்தினான். விழும்போதும் நாயனார் அவனைக் கைகூப்பி வணங்கினார். மெய்க்காவலன் தத்தன் வாளை ஓங்கியபோது தடுத்து, அந்த ஆளைப் பத்திரமாக ஊர் எல்லை வரை கொண்டுவிடச் சொன்னார். பொய் வேடம் என்று தெரிந்த பிறகும் வேடத்துக்குரிய மரியாதை குறையவில்லை. வள்ளுவர் கூடாவொழுக்கம் என்று ஓர் அதிகாரமே வைத்துப் போலித் துறவிகளைத் தோலுரித்திருக்கிறார்; அந்த அறிவுக்கும் இந்தப் பக்திக்கும் உள்ள இடைவெளி சின்னதல்ல.

பெரியபுராணத்தில் இன்னும் இரண்டு துணிக்கதைகள் உண்டு. அமர்நீதியார் பழையாறையில் பொன்னும் பட்டும் விற்ற வணிகர்; அடியார்களுக்குக் கோவணம் கொடுப்பதைத் தொண்டாகச் செய்தவர். பிரமசாரியாக வந்த சிவன் வைத்துப்போன ஒரு கோவணம் மறைந்துவிட, அதற்கு ஈடாகத் தராசில் துணிமணியும் செல்வமும் எல்லாம் ஏற்றியும் தட்டு சமமாகவில்லை. கடைசியில் அவரும் மனைவியும் மகனும் ஏற வேண்டியதாயிற்று. காஞ்சிபுரத்துத் திருக்குறிப்புத் தொண்டர் அடியார்களின் துணியை வெளுத்துக் கொடுத்த வண்ணார். அவரிடம் சிவன் வந்தது அழுக்குக் கந்தையோடு, குளிரில் நடுங்கும் கிழவனாக. மாலைக்குள் உலர்த்தித் தருவதாக வாங்கிய கந்தை மழையில் உலரவில்லை; சொன்ன சொல் தவறியதே என்று துவைக்கிற கல்லிலேயே தலையை மோதினார் அவர். இன்று அந்தக் கந்தையோடு ஒரு கிழவர் பெரிய கோயில் எதிலாவது சிறப்பு தரிசன வரிசையில் நின்றால் என்ன நடக்கும் என்பதை ஊகிப்பது கடினமில்லை.

தெய்வங்களின் உடையும் பக்தருக்கு விதித்த விதிக்குள் அடங்குவதில்லை. பிட்சாடனர் ஆடையின்றித் தாருகாவனத்தில் திரிந்தவர், பைரவரும் அப்படியே. பழநி ஆண்டவர் கோவணத்தோடு நிற்கிறார். ஸ்ரீரங்கத்தில், பெருமாளை விரும்பிய முஸ்லிம் இளவரசியான துலுக்க நாச்சியாரை ஒட்டிய மரபின்படி நம்பெருமாளுக்குக் கைலி அணிவித்து ரொட்டி அமுது படைக்கும் வழக்கம் உண்டு. கைலி கட்டி வந்தவரை வாசலில் நிறுத்துகிறவர்கள் உள்ளே பெருமாளுக்கு அதையே சாற்றுகிறார்கள். கன்னட நாட்டில் பன்னிரண்டாம் நூற்றாண்டின் அக்கமகாதேவி ஆடையைத் துறந்து கூந்தலையே போர்வையாக்கிக்கொண்டு நடந்தார். வீரசைவச் சரணர்களின் சபை அவரை ஏற்றுக்கொண்டது. ஆனால் இவர்களை முன்மாதிரியாகக் காட்டி யாரும் கோயிலுக்கு உடுத்தாமல் போய்விட முடியாது. அவர்கள் துறந்தது உலகத்தை. உடை அதோடு போயிற்று. உலகத்தில் இருந்துகொண்டு கும்பிடப் போகிறவர் பக்கத்தில் நிற்கும் இன்னொருவரோடு சேர்ந்துதான் கும்பிடுகிறார். உடைவிதிகளில் நியாயமாக எஞ்சுவது அந்தப் பக்கத்து ஆளின் மனம் கலையாமல் இருப்பது மட்டுமே; தெய்வத்தின் பெயரால் சொல்லப்படுகிற மீதி எல்லாம் ஊர் வழக்கம்.

ஊர் வழக்கமாகவே இருந்தாலும் விருந்தாளி அதை மதித்து நடப்பதுதான் முறை. கேரளத்துக்கும் குமரி மாவட்டத்துக்கும் போகும் ஆண்கள் பையில் ஒரு நாலு முழ வேட்டியும் துண்டும் வைத்துக்கொண்டால் வாசலில் வாடகைக்கு அலைய வேண்டாம். பெண்களுக்குப் புடவை எங்கும் செல்லும். துப்பட்டாவுடன் சுடிதார் அநேகமாக எங்கும் செல்லும். மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் போலப் பூசை நின்றுபோய்த் தொல்லியல் துறையிடம் உள்ள இடங்களில் செருப்போடு நடக்கலாம், உடையையும் யாரும் கவனிப்பதில்லை. தஞ்சைப் பெரிய கோயில் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருந்தாலும் பூசை நடக்கும் கோயில்; செருப்பை வெளியே விட வேண்டும். நாகூர் தர்காவில் ஆண்கள் தொப்பியோ கைக்குட்டையோ கொண்டு தலையை மூடுகிறார்கள், பெண்கள் முந்தானையால் முக்காடிடுகிறார்கள். தலையை மூடுவது இங்கே மரியாதை, சில கோயில்களில் தலைப்பாகையை எடுப்பது மரியாதை. சிரவணபெளகொளாவில் 57 அடி உயரக் கோமதீஸ்வரரைப் பார்க்க விந்தியகிரியின் அறுநூறுக்கும் மேற்பட்ட படிகளை வெறுங்காலோடு ஏற வேண்டும். வெயில் ஏறுவதற்குள் போய்விடுவது நல்லது, காலுறை போட்டுக்கொள்ள அங்கே தடையில்லை.